குடல் முறுக்கு: ஆபரேஷனோடு முடியவில்லை

அப்பாவுக்கு அப்போது 67 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகும் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று தனியாகவே இருந்தார். நான் சேலத்தில், அழகாபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. வீட்டுக்காரர் சவுதியில். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டபோது எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டது நான் ஒருத்திதான். எதில் போடுகிறேன் என்று பாதி நேரம் எனக்குத் தெரியாது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு இடங்களில் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன். அந்த இரண்டு இடங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2023 ஜனவரி முதல் வாரம். மலையில் பழம் எடுக்கிற சமயம். அப்பாவுக்கு ரொம்ப வருடமாகவே மலச்சிக்கல் உண்டு. மூன்று நாள், நாலு நாளுக்கு ஒரு தடவைதான் போவார், அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார். அந்த வாரம் வயிறு உப்ப ஆரம்பித்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணி குடித்திருக்கிறார், பெருங்காயம் கரைத்துக் குடித்திருக்கிறார், மறுநாள் விளக்கெண்ணெயும் குடித்திருக்கிறார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அத்தை போன் பண்ணி, "உங்கப்பா வயிறு தவில் மாதிரி இருக்குது, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால், வயிறு ஒரே சீராக உப்பியிருக்கவில்லை. ஒரு பக்கம் மேடாக, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தது. விரலால் தட்டினால் டம் டம் என்று சத்தம். "காத்து பிரிஞ்சுதாப்பா?" என்று கேட்டேன். "ரெண்டு நாளா ஒண்ணும் பிரியல பாப்பா" என்றார். இந்த ஒரு பதில்தான் முக்கியமானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மலம் வராமல் இருப்பது ஒன்று, காற்றே பிரியாமல் இருப்பது இன்னொன்று. வயிறு உப்பி, வலித்து, காற்றும் நின்றுபோனால் அதை வாயுத் தொல்லை என்று விடக் கூடாது, குடலில் அடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து, விளக்கெண்ணெய் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. எக்ஸ்ரேயும் அறுவை சிகிச்சை டாக்டரும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போய்விட வேண்டும்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார்கள். வயிற்றை அடைத்துக்கொண்டு பெரிதாக ஒரு உருவம், நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு. அப்பா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது காப்பிக்கொட்டை மாதிரியே இருக்குதுங்களே" என்றார். டாக்டர் திரும்பிப் பார்த்தார். "நாங்களும் அதே பேர்தான்யா வெச்சிருக்கோம்" என்றார். டாக்டர்கள் படிப்பிலேயே இதற்கு அப்படித்தான் பெயராம். வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழகிய கொட்டையைத் தன் வயிற்றுக்குள்ளேயே பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த திகைப்பு இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

அந்த டாக்டர் அப்பாவின் தோளில் கிடந்த துண்டையே எடுத்து விளக்கினார். துண்டின் இரண்டு முனைகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, தொங்குகிற நடுப்பகுதியைச் சுற்றிவிட்டார். பெருங்குடலின் கடைசிப் பகுதி, மலக்குடலுக்கு மேலே, எஸ் எழுத்து மாதிரி வளைந்து இருக்கும். அதற்கு சிக்மாய்டு என்று பெயர். சிலருக்கு அது நீளமாக, தளர்வாக இருக்கும். அதைப் பிடித்திருக்கிற அடிப்பக்கம் மட்டும் குறுகலாக இருக்கும். நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள வயதானவர்களுக்கு அது கனத்துப் போய், துண்டு சுற்றிக்கொண்ட மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் அடைபடும். காற்று உள்ளே மாட்டிக்கொண்டு பலூன் மாதிரி ஊதும். முறுக்கு இறுகினால் அந்தப் பகுதிக்கு ரத்தம் போகிற குழாய்களும் நெரிபடும். ரத்தம் நின்றால் குடல் அழுக ஆரம்பிக்கும்.

அன்றைக்குக் குடல் கெட்டுப் போகவில்லை. ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு முறுக்கைத் தாண்டி உள்ளே போனதும் புஸ் என்று காற்றும் தண்ணியுமாக வெளியே வந்தது. நான் கதவுக்கு வெளியே நின்றேன், அங்கே வரைக்கும் நாற்றம் வந்தது. ஐந்து நிமிடத்தில் வயிறு இறங்கிவிட்டது. திரும்ப அடைக்காமல் இருக்க ஒரு ரப்பர் குழாயை உள்ளேயே வைத்துவிட்டு வந்தார்கள். அப்பா சிரித்தார். நானும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "இப்ப அவிழ்த்து விட்டிருக்கோம், அவ்வளவுதான். குடல் அதே நீளத்துலதான் இருக்கு. இதோட விட்டா பாதிப் பேருக்கு மேல திரும்ப முறுக்கிக்கும். இந்தத் தடவையே நாலு நாள் இருங்க, வயித்தைச் சுத்தம் பண்ணி அந்தப் பகுதியை எடுத்துட்டு அப்பவே சேர்த்து வெச்சிடலாம்." அப்பா கேட்கவே இல்லை. பழம் எடுக்க ஆள் சொல்லி வைத்திருந்தார், வலியும் இல்லை, எதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார். நான் அவரை வற்புறுத்தவில்லை. காரணம் அவர் மட்டும் இல்லை. ஆபரேஷனுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், அந்தத் தொகை என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. 38,000 ரூபாய் கட்டி, டாக்டர் பேச்சை மீறிப் போகிறோம் என்று எழுதியிருந்த ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மூன்றாம் நாள் கூட்டி வந்துவிட்டேன். நான் வேறு மாதிரி நடந்திருக்க வேண்டிய முதல் இடம் அதுதான். குழாய் விட்டு அவிழ்ப்பது மூச்சு விட நேரம் வாங்குகிற வேலை. அந்த நேரத்தில் செய்கிற ஆபரேஷனும், குடல் அழுகிய பிறகு நடு ராத்திரியில் செய்கிற ஆபரேஷனும் ஒன்றில்லை. முதலாவதில் உயிருக்கு ஆபத்து இரண்டாவதைவிட மிகக் குறைவு, மலம் சேர வயிற்றில் ஒட்டுகிற பையும் பெரும்பாலும் தேவைப்படாது. இதை அன்றைக்கே துருவிக் கேட்டிருந்தால் நகையை அன்றைக்கே அடகு வைத்திருப்பேன்.

சரியாகப் பத்தொன்பதாம் நாள். விடியற்காலை மூன்றரை மணிக்கு அத்தையின் போன். இந்த முறை வலி விட்டு விட்டு வரவில்லை, ஒரே வலி. உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருக்கிறது. 108-ஐக் கூப்பிட்டேன். மேலே ஏற்காடு அரசு மருத்துவமனையில் டிரிப் போட்டு, மூக்கில் குழாய் விட்டுக் கீழே அனுப்பினார்கள். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அடிவாரத்தில் போய் நின்றேன். 20 கொண்டை ஊசி வளைவு, ஜனவரிப் பனி. மேலே எங்கேயோ விளக்கு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அந்த முக்கால் மணி நேரம் மனசுக்குள் நான் போட்ட கையெழுத்துதான் வந்து வந்து நின்றது.

ஸ்கேன் பார்த்ததும் டாக்டர் அதிகம் பேசவில்லை. குடல் கறுத்திருக்கும் போல, உடனே திறக்கணும், மலம் வெளியே வர வயித்துல பை வைக்க வேண்டியிருக்கும் என்றார். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். பை என்றால் என்ன, எத்தனை நாளைக்கு, எதற்கு, எதுவும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டு, ஒரு தட்டில் எடுத்த குடலைக் காட்டினார்கள். நல்ல குடல் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்குமாம். இது கத்திரிக்காய்த் தோல் நிறத்தில், சில இடங்களில் அதைவிடக் கறுப்பாக, ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருந்தது. அழுகின இடத்தை வெட்டி எடுத்த பிறகு, வீங்கிச் சீழ் படிந்த வயிற்றுக்குள் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் தையல் பிடிக்காமல் கசிந்துவிடலாம். அதனால் மேல் முனையை இடது பக்க வயிற்றில் வெளியே கொண்டுவந்து வைத்து, கீழ் முனையை மூடி உள்ளேயே விட்டிருந்தார்கள். இதற்கு ஹார்ட்மன் ஆபரேஷன் என்று பெயர். எல்லாம் ஆறின பிறகு, மூன்று மாதமோ அதற்கு மேலோ கழித்து, இன்னொரு ஆபரேஷனில் சேர்ப்பார்கள். சேர்க்காமலே பையோடு வாழ்கிறவர்களும் நிறைய உண்டு.

ஆபரேஷன் முடிந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு படி மேலே ஏறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி அப்பா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மூட்டை எண்ணியாச்சா என்று கேட்டார். மூக்குக் குழாயைப் பிடுங்கப் போனார், கையைக் கட்டிப் போட்டார்கள். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிப் பிதற்றுவது அடிக்கடி நடப்பதுதான், சில நாளில் தெளிந்துவிடும் என்று ஒரு சிஸ்டர் மறுநாள்தான் சொன்னார். அப்பாவின் கண்ணாடியை அவருக்குப் போட்டுவிட்டு, பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வைத்து, என்ன நாள், எந்த ஊர் என்று பேச்சுக் கொடுக்கச் சொன்னார். அது உதவியது. ஆனாலும் திடீர்க் குழப்பத்தைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். நோய்த்தொற்று, ஆக்சிஜன் குறைவு, உப்புச்சத்து மாறுவது போன்றவற்றாலும் அது வரலாம்.

அப்புறம் குடல் தூங்கிக்கொண்டிருந்த நாட்கள். குடலைத் தொட்டு ஆபரேஷன் செய்தால் அது சில நாள் அசையாமல் கிடக்கும். டாக்டர் சொல்லும்வரை வாயில் ஒன்றும் தரக் கூடாது. நாலு நாள் பை காலியாகவே இருந்தது, மூக்குக் குழாயில் பச்சைத் தண்ணி வந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் பை லேசாக உப்பியிருந்தது. காற்று! வார்டில் இருந்த எல்லாரிடமும் சொன்னேன். இந்த நாட்களில் கூட இருப்பவர் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள், மணிக்கு ஒரு தடவை உறிஞ்ச வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம். வலிக்கிறது என்பார், விடக் கூடாது. இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்ன அன்றைக்கே கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அதற்காகத்தான் தோலுக்கடியில் ஊசியும் போடுகிறார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். ஏழாம் நாள் சாயங்காலம் அப்பாவின் வேட்டி நனைந்திருந்தது. பை கசிகிறது என்று நினைத்துப் பார்த்தேன், பை சரியாக இருந்தது. நடு வயிற்றுத் தையல் மேல் இருந்த பஞ்சுக்கட்டுதான் நனைந்திருந்தது. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. மாதுளம்பழத்தைக் கழுவின தண்ணி மாதிரி, இளஞ்சிவப்பாக, நாற்றம் இல்லாமல் இருந்தது. டூட்டியில் இருந்தவரிடம் சொன்னேன். மேலே இன்னொரு அடுக்குப் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டுப் போனார். ராத்திரி அதுவும் நனைந்தது. திரும்பவும் தொந்தரவு செய்யக் கூடாதென்று நான் சும்மா இருந்துவிட்டேன். விடிகாலையில் அப்பா இருமினார். "என்னமோ பிட்டுக்கிச்சு பாப்பா" என்றார். பஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். தையல் வாய் திறந்து, உள்ளே ஈரமாக, பளபளவென்று குடல் தெரிந்தது.

இளஞ்சிவப்புத் தண்ணி வருவது உள் அடுக்குத் தையல் விட்டுப் போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு. அவசர ஆபரேஷன், வயிற்றுக்குள் சீழ், வயது, சத்துக்குறைவு, இருமல், வயிறு உப்பல் எல்லாம் சேரும்போது, ஆபரேஷன் முடிந்த முதல் பத்து நாட்களுக்குள் இது நடக்கலாம். கட்டு திடீரென்று இப்படி நனைந்தால் பஞ்சு மாற்றினது போதாது, ஆபரேஷன் செய்த டாக்டருக்கே தகவல் போக வேண்டும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது. நோயாளியை எழுந்திரிக்க விடாமல், முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூட வேண்டும், வாயில் தண்ணிகூடத் தரக் கூடாது. அந்தக் காலையில் ஓடி வந்த சிஸ்டர் இதையெல்லாம் வேகமாகச் செய்தார். மறுபடியும் தியேட்டர். தடிமனான தையல் போட்டு மூடினார்கள். இதற்கு மட்டும் 85,000 ரூபாய், கூடுதலாக ஒன்பது நாள். அதோடு காயத்தில் தொற்றும் பிடித்துக்கொண்டது.

26 நாள் கழித்து டிஸ்சார்ஜ் ஆனபோது மொத்தம் 3,40,000 ரூபாய் ஆகியிருந்தது. ஒன்பது பவுன் பேங்கில் போயிற்று. முதல்வர் காப்பீட்டு அட்டை மலையில் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. நான் சேர்த்த மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று ஆரம்பத்தில் கேட்கவே இல்லை. கேட்டபோது இல்லை என்றார்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரைக்கும் தருகிற திட்டம் அது. அட்டையையும் ரேஷன் கார்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பையோடு இருந்த மாதங்கள் அப்பாவுக்குத்தான் கொடுமை. பெற்ற மகள் தன் மலத்தைச் சுத்தம் செய்வதை அவரால் தாங்க முடியவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எனக்கும் முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. பழகிய பிறகு அது ஒரு வேலை, அவ்வளவுதான். வெளியே தெரிகிற குடல் நம் உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே ஓட வேண்டும். லேசாகத் துடைக்கும்போது துளி ரத்தம் வந்தால் பயமில்லை. பையைத் தோலோடு ஒட்டுகிற தட்டில் ஓட்டையைக் குடல் அளவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். நான் பெரிதாக வெட்டினேன், மலம் பட்டுத் தோல் வெந்து போயிற்று, அதன் மேல் எதுவும் ஒட்டவும் இல்லை. வீக்கம் வடிய வடியக் குடல் சிறிதாகும், அதனால் முதல் இரண்டு மாதம் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். கனத்தால் பிடுங்கிக்கொள்ளும். ஒரு பை எங்களுக்கு 300 ரூபாய் ஆயிற்று, மூன்று நாள், நாலு நாள் தாங்கும். ஏற்காட்டில் நான் விசாரித்த கடைகளில் கிடைக்கவில்லை, அதனால் மேலே போகும்போதெல்லாம் பத்து எடுத்துப் போவோம்.

ஜூலையில் சேர்க்கிற ஆபரேஷன். இந்த முறை அட்டையோடு சேலம் ஜி.எச்.சுக்கே போனோம், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. திட்டத்திலேயே முடிந்தது. வரிசை, காத்திருப்பு எல்லாம் உண்டு, ஆனால் ஆபரேஷனுக்குக் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. முன்னாடியே கேமரா பரிசோதனையும், மூடின கீழ்ப்பகுதிக்குள் மருந்து விட்டு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். சேர்ப்பது சின்ன ஆபரேஷன் என்று நினைத்திருந்தேன், இல்லை. சேர்த்த இடம் கசியலாம், அதுவும் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள். காய்ச்சல், நாடி வேகமாக ஓடுவது, வலி குறைந்து வந்தவருக்குத் திடீரென்று கூடுவது, வயிறு திரும்ப உப்புவது, இவைதான் அடையாளம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் நாலு வேளை காய்ச்சல், நாடி, வலி, வயிறு, காற்று என்று கட்டம் போட்டுக் குறித்தேன். அஞ்சாம் நாள் நாடி 112 என்று இருந்தபோது நானே போய் டாக்டரைப் பார்த்தேன். அவர் நோட்டை வாங்கி முழுவதும் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார். கசிவு இல்லை, சளிதான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரிதான் பல மாதங்களுக்குப் பிறகு நான் குற்ற உணர்வு இல்லாமல் தூங்கினேன்.

எனக்கு இரண்டு தடவையும் சேர்த்து 71 நாள் சம்பளம் போயிற்று. ஒன்பது பவுனில் நாலு திரும்பி வந்திருக்கிறது. அப்பா மலையில்தான் இருக்கிறார். தண்ணியும் பழமும் சேர்த்துக்கொள்கிறார், இரண்டு நாள் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் போன் பண்ணிச் சொல்கிறார். இருமும்போது தழும்பின் மேல்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைக்கிறது. அது குடலிறக்கம், ஒரு தடவை பிரிந்து தைத்த வயிற்றில் வரக்கூடியதுதான் என்றார்கள். இப்போதைக்கு பெல்ட், மூட்டை தூக்கக் கூடாது. அந்தப் புடைப்பு படுத்தாலும் உள்ளே போகாமல் கல்லாகி வலித்தாலோ, வாந்தியோடு காற்றும் நின்றுபோனாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றைத் திறந்தவர்களுக்கு உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருடங்கள் கழித்தும் அடைப்பு வரலாம். அத்தை வீட்டுச் சுவரில் இந்த ஆபத்து அடையாளங்களையும், 108-ஐயும், என் நம்பரையும் கரியால் பெரிதாக எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.